கொடியில் காயாத சட்டையும் 113 கிலோமீட்டரும்

1.9, 90, 21.1. இந்த மூன்று எண்களையும் கூட்டினால் 113 வரும். அரைத் தூர டிரையத்லான் என்கிற பந்தயத்தின் மொத்தத் தூரம் இது, கிலோமீட்டரில். முதலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு என்று ஒன்று கிடையாது. உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மைலில் கணக்குப் போட்டால் 70.3 வருவதால், பல நாடுகளில் நடக்கும் ‘அயர்ன்மேன்’ போட்டிகளில் இதற்கு ‘70.3’ என்றே பெயர்.

மும்பைக் கணக்கில் சொல்கிறேன். செம்பூரில் மாநகராட்சியின் பெரிய நீச்சல் குளம் இருக்கிறதே, ஒலிம்பிக் அளவு, 50 மீட்டர் நீளம். அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக 38 தடவை நீந்த வேண்டும். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வாஷி, பன்வேல், கொப்போலி என்று போய், காட் மலைப்பாதையில் ஏறி, லோனாவாலாவையும் தாண்ட வேண்டும். அதற்கப்புறம், ஜனவரியில் மும்பை மாரத்தானில் ஓடுகிறார்களே, அந்த அரை மாரத்தான்.

இந்தியாவில் முதல் ‘அயர்ன்மேன் 70.3’ நடந்தது 2019 அக்டோபர் 20-ஆம் தேதி, கோவாவில், பணஜியை ஒட்டிய மிராமர் கடற்கரையில். மணிப்பூரைச் சேர்ந்த பிஷ்வர்ஜித் சாய்கோம் 4 மணி 42 நிமிடத்தில் முடித்து முதலாவதாக வந்தார். அவரைப் போன்றவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்லப்போவது எங்கள் பில்டிங்கில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அக்காவைப் பற்றி. செம்பூரிலேயே வளர்ந்தவர். பகலில் வங்கி வேலை, விடியற்காலையில் பயிற்சி. கோவா பந்தயத்தை ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்து முடித்தவர்.

அவர் ஊர் திரும்பிய அன்று பில்டிங் பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “கால் வலிக்கலையா அக்கா?” என்பதுதான் முதல் கேள்வி.

“வலிச்சுதுடா. ஆனா என்னை உட்கார வெச்சது கால் இல்ல, சூடு” என்றார்.

வெயிலைச் சொல்கிறார் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். பாதி சரி. மீதிப் பாதி சூடு அவருக்கு உள்ளேயிருந்து வந்தது.

நம் தசைகள் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்ற மூன்று பங்கும் வெறும் வெப்பமாகப் போய்விடும். எவ்வளவு வெப்பம்? காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கிலோகலோரி செலவாகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 600. அதில் முக்கால் பங்கு, அதாவது 450 கிலோகலோரி, வெப்பம். அந்த உடம்பை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 50 கிலோகலோரி போதும். அப்படியானால் வெப்பம் வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால் ஒரு மணி நேரத்தில் உடம்பு 9 டிகிரி ஏற வேண்டும்! 37-இல் கிளம்பியவர் இருபதே நிமிடத்தில் 40-ஐத் தொட்டுவிடுவார். 40-க்கு மேல் போனால் மூளை குழம்பும், நடை தள்ளாடும், உயிருக்கே ஆபத்து.

ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி முடித்துவிட்டு, பதக்கத்தைக் கடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, எப்படி?

வியர்வை. நம் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாம் போட்ட கணக்கில் 450-தான் வெளியேற வேண்டும். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வியர்வை ஒழுங்காகக் காய்ந்தால் போதும்.

‘ஒழுங்காகக் காய்ந்தால்’ என்பதில்தான் சிக்கல். ஜூலை மாதம் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டுக் கொடியைப் பாருங்கள். ராத்திரி துவைத்துப் போட்ட யூனிபார்ம் காலையிலும் சில்லென்று ஈரமாகவே தொங்கும். அம்மா அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைப்பார். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால், துணியில் உள்ள ஈரம் மேற்கொண்டு ஏற முடியாமல் தங்கிவிடுகிறது. ஓடுகிறவரின் தோலும் அந்தச் சட்டை மாதிரிதான். கடலோரக் கோவாவில் அக்டோபர், நவம்பரிலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஊற்றும், ஆனால் காயாமல் முழங்கையிலிருந்து சொட்டிவிடும். சொட்டிய வியர்வையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இப்போது அக்காவின் பந்தயத்தைப் பார்ப்போம்.

நீச்சல்தான் முதலில். காரணம் எளிமையானது: களைத்துப்போனவர் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்கலாம், ஓட்டத்தில் நடக்கலாம், கடல் நடுவில் என்ன செய்வார்? ஆரம்பத்தில் எல்லாரும் இப்படி யோசிக்கவில்லை. டிரையத்லான் என்ற பெயரோடு முதல் பந்தயம் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்னும் இடத்தில், 1974 செப்டம்பர் 25-ஆம் தேதி மாலையில் நடந்தது. 46 பேர் கலந்துகொண்டார்கள். நீச்சல் கடைசியில் இருந்ததால், பின்னால் வந்தவர்கள் இருட்டில் நீந்த வேண்டியதாயிற்று. கரையில் கார்களை நிறுத்தி விளக்கைப் போட்டு வழிகாட்டினார்களாம்.

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், குளத்து நீரைவிட அது 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் உடம்பு கொஞ்சம் எளிதாக மிதக்கும். ஆனால் தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கப் பார்த்தால் தண்ணீர் நான்கு மடங்கு எதிர்க்கும். ஆகவே பலசாலியைவிட உடம்பை நேராக நீட்டி வைக்கத் தெரிந்தவரே முந்துவார். “முதல் 200 மீட்டர்ல மூச்சு முட்டுச்சு, பயந்துட்டேன்” என்றார் அக்கா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. பயத்தில் மூச்சை அடக்கி வைத்துக்கொள்கிறோம், அது சேர்கிறது, பயம் இன்னும் கூடுகிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக மூச்சை வெளியே விடப் பழகினால் பாதி பயம் போய்விடும்.

குளிர்நாட்டுப் பந்தயங்களில் ரப்பர் உடை போட்டுக்கொண்டு நீந்துவார்கள். கோவாக் கடல் வெதுவெதுப்பானது, அங்கே அதைப் போட்டால் உடம்பு வெந்துவிடும்.

கரையேறி, ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். மாட்டாமல் தொட்டால் அபராதம். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். நம் ஊர் ஸ்கூட்டர்காரர்களுக்கும் இப்படி ஒன்று வைக்கலாம். இன்னொரு விதி, முன்னால் போகிற சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில், சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு போனால் பின்னால் இருப்பவருக்கு வேலை மிச்சம். அது இந்தப் பந்தயத்தில் களவு!

சைக்கிளில் அக்காவுக்குச் சூடே தெரியவில்லை. எதிர்க்காற்று மணிக்கு 27, 28 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது; தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிட, வியர்வை உடனுக்குடன் காய்கிறது. கை உலர்ந்திருப்பதைப் பார்த்து, நமக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை என்று நினைத்தாராம். உண்மையில் மூன்று மணி நேரத்துக்கு மேலாக லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அதற்குச் சாட்சி அவருடைய கறுப்பு உடையில் இருந்தது. முதுகிலும் இடுப்பிலும் வெள்ளை வெள்ளையாக, ஓரம் வளைந்து வளைந்து, உப்பு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது என்றார்.

அந்த உப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சர்க்கரையும் கொடுக்க வேண்டும். நம் தசையிலும் கல்லீரலிலுமாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்று பெயர், சுமார் 500 கிராம்தான். அதிலிருந்து 2000 கிலோகலோரி கிடைக்கும். பந்தயத்துக்கோ 3500-க்கு மேல் வேண்டும். கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் அது மெதுவாக எரியும், வேகமாகப் போகிறவருக்குச் சர்க்கரையே வேண்டும். அதனால் சைக்கிளில் போய்க்கொண்டே சாப்பிடுகிறார்கள். அக்கா முதலில் கடலைச் சிக்கியை முயன்று பார்த்து, மெல்லும்போது மூச்சு இரைக்கிறது என்று கைவிட்டு, பேரீச்சம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் மாறினார். கூடவே பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர்.

ஏன் இரண்டும் சேர்த்து? சிறுகுடலின் உள்சுவரில் சில புரதங்கள் இருக்கின்றன. குளூக்கோஸை உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. ஆனால் தனியாக இழுக்காது. சோடியம் கூட வந்தால்தான் இழுக்கும், ஒரு குளூக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்ற கணக்கில். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார்.

இதை உயிர் காக்கும் மருந்தாகக் களத்தில் காட்டியவர் ஒரு வங்காளி டாக்டர், திலீப் மகலனோபிஸ். 1971, வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. காலரா வந்தால் உடம்பின் தண்ணீர் வயிற்றுப்போக்கில் போய்விடும். ரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. மகலனோபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பொட்டலமாகக் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளியின் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து குவளை குவளையாகப் புகட்டும்படி சொன்னார். ஊசி இல்லை, நர்ஸ் இல்லை. நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த முகாமில் அது நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் தாராவியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுக்கிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான். பந்தயக்காரர்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் வண்ண வண்ணப் பொடிகளும் இதே குடல் புரதத்தை நம்பித்தான் விற்கின்றன. சர்க்கரை கூடுதலாக இருக்கும், எலுமிச்சை வாசனை இருக்கும், அவ்வளவுதான்.

குடலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் குளூக்கோஸ் வரை உறிஞ்சும். பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு புரதம் வழியாகப் போவதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 வரை கூட்டலாம். அதற்கு மேல் தின்றால் வயிற்றில் தேங்கிக் குமட்டும்.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்ததும் கால்கள் தன்னுடையவை மாதிரியே இல்லை என்றார் அக்கா. மூன்று மணி நேரம் வட்டமாகச் சுற்றிய கால்களை மூளை திடீரென்று வேறு தாளத்துக்கு மாற்றுகிறது. கொஞ்ச தூரத்தில் சரியாகிவிடும். சரியாகாதது வேறு ஒன்று. எதிர்க்காற்று போய்விட்டது! ஓட்டத்தில் அவர் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். இவ்வளவு நேரம் காய்ந்துகொண்டிருந்த வியர்வை இப்போது சொட்ட ஆரம்பிக்கிறது.

இங்கேதான் ரத்தத்துக்கு மூன்று பக்கமும் இழுபறி. ஆக்சிஜன் வேண்டும் என்று தசை கேட்கிறது. வெப்பத்தை வெளியே தள்ள ரத்தத்தை இங்கே அனுப்பு என்று தோல் கேட்கிறது. தின்றதை உறிஞ்ச எனக்கும் கொடு என்கிறது குடல். வியர்த்து வியர்த்து ரத்தத்தின் அளவும் குறைந்திருக்கிறது. இதயம் என்ன செய்யும்? வேகமாகத் துடிக்கும். அதுவும் போதாமல் போனால் முதலில் ஏமாறுவது குடல். அதனால்தான் அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த கல்லூரிப் பையன் ஒருவன், “தீதி, தொப்பியைக் கழற்றுங்கள்” என்று இந்தியில் சொல்லி, அதில் ஐஸ்கட்டிகளை அள்ளிப் போட்டுத் திரும்ப மாட்டிவிட்டான். ஐஸ் உருகி கழுத்து வழியாக இறங்கியது. சிறிது தூரம் நடந்தார், பிறகு ஓடினார். வியர்வை செய்ய முடியாத வேலையை ஐஸ் செய்தது.

“அப்ப தண்ணியை நெறய குடிச்சிருந்தா போதுமே அக்கா?” என்று ஒரு வாண்டு கேட்டான். நல்ல கேள்வி. பதில், போதாது; சமயத்தில் ஆபத்தும்கூட. வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுக்கும்போது குடிப்பது, கூட உப்பும் சேர்ப்பது என்பதுதான் அக்கா பின்பற்றிய வழி.

சூட்டுக்கு உடம்பைப் பழக்கவும் முடியும். பத்துப் பதினாலு நாள் வெக்கையில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். அந்த விதத்தில் மும்பைக்காரர்களுக்குக் கொஞ்சம் லாபம். நாம் வெக்கையைத் தேடிப் போகவே வேண்டாம், அக்டோபர் புழுக்கத்தில் பயிற்சி செய்தாலே பழகிவிடும்.

உங்கள் ஊர்க் காற்றில் வியர்வை எவ்வளவு காயும் என்று நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு அறைத் தெர்மாமீட்டர்கள் வேண்டும். காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம். பாதரசம் வைத்ததும் வேண்டாம், சிவப்புத் திரவம் வைத்ததை வாங்குங்கள். ஒன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, விசிறியால் ஐந்து நிமிடம் விசிறுங்கள். துணி கட்டியது கீழே இறங்கும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். கொலாபாவிலும் சாந்தாகுரூசிலும் வானிலைத் துறையினர் காற்றின் ஈரத்தை அளக்கக் கையாண்டு வந்ததும் இதே முறைதான். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் வியர்வை நன்றாகக் காயும். வித்தியாசம் சுருங்கிவிட்டால் அன்றைக்கு மைதானத்தில் நிதானமாக ஆடுங்கள். ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதராலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆரோக்கியமான இளைஞர்களுக்கே அந்த எல்லை 31-க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது.

எடுத்த எண்களைத் தேதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். ஒரே நாள், ஒரே மாலை ஐந்து மணி. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், காற்று நுழையாத சந்தில் எடுத்த எண்ணும், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் மரத்தடியில் எடுத்த எண்ணும், செம்பூரில் நாலாம் மாடிப் பால்கனியில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்குமா? இருக்காது என்று நான் சொல்கிறேன், ஒன்றுதான் என்கிறார் அக்கா.